யார் எழுதிய தண்டவாளம்?

ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கொஞ்ச நேரம் கேட்டால் ஒரு விசயம் பிடிபடும். அவர்கள் பூங்காவின் பெயரை அதிகம் சொல்வதில்லை. "அது வெகோமா", "இது இன்டமின்", "பழைய ஏரோ மாதிரி வளைவுல இடிக்குது", இப்படித்தான் பேச்சு போகும். டிராகன், விண்கலம், டைனோசர் எல்லாம் அவர்களுக்கு வெறும் பெயின்ட். செய்தது யார்? அதுதான் முதல் கேள்வி. ஒரு ரஷ்ய நாவலைக் கையில் எடுத்ததும் நாம் மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தேடுவோம் இல்லையா, ஏறக்குறைய அதே பழக்கம்.

இதை எழுதப் போகிறேன் என்று இலக்கியம் வாசிக்கும் ஒரு பெரியவரிடம் சொன்னேன். "தம்பி, இதெல்லாம் இலக்கியப் பத்திரிகைக்கு ஏத்த விசயமா? சின்னப் புள்ளைங்க வெளையாட்டு லா" என்றார். சிறுகதையில் ஒரு வரி கூடினால் குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிறவர் அவர். முப்பது மாடி உயரத்து இரும்பாக இருந்தாலும் அதில் வடிவம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நம் வாசிப்புச் சூழலில் பெரும்பாலும் இதே கதைதான். தீம் பார்க் பற்றித் தமிழில் எழுதப்படுவது டிக்கெட் விலை, சாப்பாட்டு விலை, வரிசை எவ்வளவு நீளம், அவ்வளவே.

நான் காஹாங்கில் ஒரு செம்பனை ஆலையில் பராமரிப்புப் பொறியாளன். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், இரண்டு பக்கமும் செம்பனையாகவே ஓடும் ஊர். எண்டாவ்–ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் இங்கே நின்று எண்ணெய் போட்டுக்கொள்வார்கள். இங்கே கோஸ்டர் எல்லாம் கிடையாது. ஜொகூரில் கோஸ்டர் என்றால் இஸ்கண்டார் புத்ரியில் 2012 செப்டம்பர் 15ல் திறந்த லெகோலேண்ட். பாலம் கடந்தால் சிங்கப்பூர் யுனிவர்சல். வடக்கே பஸ் பிடித்தால் கெந்திங் மலை. என் வயதுக்காரர்களுக்குக் கெந்திங் என்றால் 2013 செப்டம்பரில் மூடப்பட்ட அந்தப் பழைய வெளிப்புறப் பூங்காதான். பனிமூட்டத்துக்குள் போய் மறைகிற தண்டவாளம்.

அந்தக் கெந்திங்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். பழைய பூங்காவை மூடிய இடத்தில் 'டுவென்டியத் சென்சுரி ஃபாக்ஸ் வேர்ல்ட்' வரும் என்று 2013ல் அறிவித்தார்கள். படங்களின் பெயரில் சவாரிகள். வேலை இழுத்துக்கொண்டே போனது. 2018 நவம்பரில் கெந்திங் தரப்பு ஃபாக்ஸ் மீதும் டிஸ்னி மீதும் வழக்குப் போட்டது. 2019 மார்ச்சில் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கி முடித்தது, ஜூலையில் வழக்கு சமரசமானது. கடைசியில் 2022 பிப்ரவரி 8ல் பூங்கா திறந்தபோது அதன் பெயர் 'ஸ்கைவேர்ல்ட்ஸ்'. சில படங்களின் பெயர் மிஞ்சியது, சில போனது. வழக்கறிஞர்கள் அடித்துத் திருத்தியது மேலே இருந்த கதையை. கீழே இருந்த தண்டவாளத்தின் வளைவை அவர்களால் அடித்துத் திருத்த முடியாது.

தொல்காப்பியத்தில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று படித்திருக்கிறோம். நிலமும் பொழுதும் முதல். மரம், பறவை, பறை, தெய்வம் எல்லாம் கரு. மனதில் நடப்பது உரி. மூன்றில் எடை அதிகம் உரிப்பொருளுக்குத்தான். தீம் பார்க் தொழில் முழுக்கக் கருப்பொருளைக் குவிக்கிற தொழில். அணில், ரோபோ, ராட்சதன், இடிந்த கோயில் என்று எதையும் வைப்பார்கள். 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே இள்ளலூரில் திறந்த வொண்டர்லாவில் ஒரு பெரிய தொங்கும் கோஸ்டருக்குத் 'தஞ்சோரா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செய்தது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார். காலுக்குக் கீழே தரையே இல்லாமல் தண்டவாளத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு போகும் இந்த வகையை 1992ல் அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். பெயர் தஞ்சாவூர், உடம்பு சுவிஸ். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஏறியவனுக்கு அடிவயிற்றில் நடக்கிறதே, அந்த உரிப்பொருளைத் தீர்மானிப்பது தஞ்சாவூர் இல்லை.

கருப்பொருள் சும்மா அலங்காரமாக நின்றுகொண்டால் பரவாயில்லை. சில நேரம் உரிப்பொருளையே கொன்றுவிடும். லெகோலேண்ட் மலேசியாவில் 'புராஜெக்ட் எக்ஸ்' என்று ஒரு கோஸ்டர் இருந்தது. 'வைல்ட் மவுஸ்' வகை. இந்த வகை ஓடுகிற விதம் ரொம்ப எளிமையானது, ரொம்ப புத்திசாலித்தனமானது. சின்னப் பெட்டி. சக்கரங்கள் பெட்டியின் பின்பக்கமாகத் தள்ளி இருக்கும். மேலே தட்டையான கொண்டை ஊசி வளைவுகள். பெட்டி வளைவை நெருங்கும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் முன்பக்கம் தண்டவாளத்தைத் தாண்டி வெளியே நீண்டுவிடும். 'போச்சுடா, திரும்பவே மறந்துட்டான்' என்று தோன்றும் அந்த அரை விநாடிக்குப் பிறகுதான் சக்கரம் வளைவைத் தொட்டு உங்களை வெடுக்கென்று இழுக்கும். வேகம் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாமே கண்ணால் பார்க்கிற வெறுமையில் நடக்கிறது. தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் நகையும் அரை விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து வரும். 2017ல் இதற்கு 'தி கிரேட் லெகோ ரேஸ்' என்று பெயர் மாற்றி, பயணிகளின் கண்ணில் மெய்நிகர் கண்ணாடியை மாட்டினார்கள். கண்ணாடிக்குள் கார்ப் பந்தயம் ஓடும். விளிம்பு தெரியாது, கீழே தெரியும் மரமும் தரையும் தெரியாது. கண்ணுக்காகவே எழுதிய ஒரு வடிவத்தில் கண்ணைக் கட்டிவிட்டார்கள். நல்ல சிறுகதையின் கடைசிப் பத்தி மேல் விளம்பரம் ஒட்டுவது போல.

இதனால்தான் கோஸ்டர் ரசிகர்கள் தயாரிப்பாளரைத் தேடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. அட்டைப்படத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுத்தைப் பார்க்கிறார்கள்.

அந்த எழுத்தை ஒரு வளைவை வைத்தே காட்டலாம். 1895ல் நியூயார்க்கின் கோனி தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்று தலைகீழாகச் சுற்றும் ஒரு சவாரி வந்தது. வளையம் முழு வட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கும்: முழு வட்டத்தில், உச்சியில் விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தோடு போனால்கூட, அடியில் உடம்பு தன் எடையைப் போல 6 மடங்கை உணரும். அதில் 12 மடங்கு வரை போனதாகக் குறித்திருக்கிறார்கள். கழுத்து என்ன ஆகும்? நேர்க்கோட்டிலிருந்து வட்டத்துக்குள் நுழையும் அந்தப் புள்ளியில் சுமை படிப்படியாக ஏறாது, ஒரே அடியாக விழும். இதற்கான தீர்வு ஏற்கெனவே ரயில்பாதைக்காரர்கள் கையில் இருந்தது. கிளோதாய்டு என்கிற சுருள்வளைவு, மெதுவாக இறுகிக்கொண்டே போகும் வளைவு. குளுவாங் சாலையில் லாரி ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை ஒரேயடியாகத் திருகாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறாரே, அதுதான். 1976ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப் செய்த 'ரெவல்யூஷன்' இந்த வளைவோடு வந்தது. அடியில் அகலம், உச்சியில் இறுக்கம், நீர்த்துளி மாதிரி. கணக்குப் போட்டவர் வெர்னர் ஸ்டெங்கல்.

இங்கே ரசிகர்களின் 'ஆசிரியர்' கொள்கை லேசாக ஆட்டம் காண்கிறது. ஸ்டெங்கல் எந்த ஒரு தயாரிப்பாளருக்கும் சொந்தமானவர் இல்லை. அவருடைய அலுவலகம் பல கம்பெனிகளுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அதாவது, வேறு வேறு ஆசிரியர்கள் என்று நாம் நினைத்துப் பிரித்து வைத்த புத்தகங்களில் பல ஒரே கையெழுத்துப் பிரதியிலிருந்து வந்தவை. பொலிகரும் மாபியாரும்கூட, 1988ல் தனியாகக் கிளம்புவதற்கு முன், இன்டமினுக்கு வேலை செய்துகொடுத்த ஜொவனோலா என்ற பட்டறையில் இருந்தவர்கள். கோலாலம்பூர் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் மாலுக்குள், கடைகளுக்கு மேலே சுற்றும் 'சூப்பர்சானிக் ஒடிசி' இன்டமின்தான். குரு, சீடர், பிரிந்து போன சீடர் என்று நம் இலக்கிய வட்டங்களைப் போலவே ஒரு வம்சாவளி போடலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த வம்சாவளி வெகோமாவுடையது. நெதர்லாந்தில் 1926ல் விவசாயக் கருவி செய்யும் பட்டறையாகத் தொடங்கினார்கள். பிறகு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரும்பு வேலை. சுரங்கங்கள் மூடப்பட்டதும் குழாய். எழுபதுகளில்தான் கேளிக்கைப் பூங்கா. அமெரிக்காவில் 1827ல் போட்ட மவுக் சங்க் பாதையும் மலையிலிருந்து நிலக்கரியை இறக்கத்தான் போடப்பட்டது. பிறகு ஜனங்கள் காசு கொடுத்து அதில் உட்கார்ந்து இறங்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஆலையில் செம்பனைக் குலை ஏற்றிய கூண்டுகள் தண்டவாளத்தில் அவியல் கலனுக்குள் போவதைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். குலைக்குப் பயம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெகோமாவின் புகழ்பெற்ற படைப்பு 'பூமராங்'. 1984லிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரதிகள் உலகமெங்கும் நிற்கின்றன. நமக்குப் பக்கத்தில் பாங்காக்கின் சியாம் பார்க்கில் ஒன்று இருக்கிறது. ரயிலைப் பின்னோக்கி இழுத்து மேலே ஏற்றிக் கைவிடுவார்கள். மூன்று முறை தலைகீழாகி எதிர்க் கோபுரத்தில் ஏறும். பிறகு அதே பாதையில் பின்னோக்கி அதே மூன்று. சித்திரகவியில் மாலைமாற்று என்று ஒன்று உண்டு. ஞானசம்பந்தர் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் எழுத்து அதேதான். பூமராங் ஒரு மாலைமாற்று. ஆனால் பாட்டில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. திரும்பி வரும்போது எழுத்து அதுவே, வாசகன் அவன் இல்லை. முதல் தடவை வருவதைப் பார்த்துப் பயந்தான். இரண்டாம் தடவை என்ன வருகிறது என்று தெரியும், எப்போது வரும் என்று பார்க்க முடியாது. ஒரு சின்ன இடத்தில், ஒரே தண்டவாளத்தைச் சிக்கனமாக இரண்டு தடவை பயன்படுத்தி இதைச் சாதித்தது பெரிய விசயம். ஐம்பது பிரதி என்பதாலேயே ரசிகர்கள் இதை 'குளோன்' என்று இளக்காரமாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. திருக்குறளும் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது.

ரசிகர்களோடு என் சண்டை இங்கேதான். பெயர் தெரிந்ததும் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. "வெகோமாவா? தலைவலி." 1994ல் வந்த அவர்களுடைய தொங்கும் கோஸ்டரில் தோள்பட்டைக் கவசம் காதில் இடித்தது உண்மை. அதே கம்பெனி இப்போது செய்யும் தண்டவாளம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஓர் எழுத்தாளரின் முதல் தொகுப்பை வைத்துப் பத்தாவது தொகுப்பை மதிப்பிடுவோமா? (மதிப்பிடுகிறோம், அது வேறு கதை.) இன்னொரு வியாதி எண்ணிக்கை. எத்தனை கோஸ்டர் ஏறினோம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 'கிரெடிட்' என்று பெயர். ஆண்டுக்கு நூறு புத்தகம் படித்தேன் என்று டிசம்பர் 31ல் பட்டியல் போடுகிறவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

தயாரிப்பாளர் கொடுத்த பிரதி அப்படியே இருப்பதும் இல்லை. சிங்கப்பூர் யுனிவர்சலில் இருக்கும் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வை எடுத்துக்கொள்ளுங்கள். வெகோமா செய்தது, 42.5 மீட்டர் உயரம். இரண்டு தண்டவாளம். ஒன்றில் உட்கார்ந்து போகலாம், மற்றதில் தொங்கிக்கொண்டு. இரண்டும் ஒன்றையொன்று மோதுவது போல வந்து விலக வேண்டும் என்பதே கற்பனை. 2010 மார்ச்சில் பூங்கா திறந்த சில நாளிலேயே இருக்கைப் பகுதியில் கோளாறு என்று நிறுத்தினார்கள். திரும்ப ஓடியது 2011 பிப்ரவரியில். 2013 ஜூலையில் மறுபடி மூடினார்கள். 2015 மே 27ல் திறந்தபோது நான்கு பேர் வரிசை இரண்டு பேர் வரிசையாகியிருந்தது. தண்டவாளம் அதே. ஆனால் ஓரத்தில் உட்காரும் அனுபவம் என்று ஒன்று இருந்ததே, தண்டவாளத்தை விட்டுத் தள்ளி, அதிகமாக வீசி எறியப்படும் அந்த இடம், அது போய்விட்டது. எடை குறைந்தால் சக்கரத்தின் மேல் விழும் சுமை குறையும், இரும்பு களைப்பதும் குறையும். பொறியாளனாக எனக்கு அது சந்தோசம். வாசகனாக, ஒரு பதிப்பு கைக்குக் கிடைக்காமல் போன வருத்தம். உ.வே.சா. ஏட்டுக்கு ஏடு பாடபேதம் குறித்தது போல, இந்தச் சவாரிக்கும் 2011 பாடம், 2015 பாடம் என்று குறித்துவைக்க ஆள் வேண்டும். அதைச் செய்கிற ரசிகர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைத்தான் நான் தேடிக் கேட்கிறேன். நைலான் சக்கரமா பாலியூரிதேனா, காலையில் ஏறினீர்களா சாயங்காலமா என்று கேட்பார்கள். காலையில் கிரீஸ் இறுகி இருக்கும், ரயில் சோம்பேறியாக ஓடும். வெயில் ஏறினால் அதே ரயிலுக்கு வேறு உயிர் வரும்.

தினமும் கதவு திறப்பதற்கு முன்னால் சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோரம் ஏறுகிறவர்கள்தான் அந்தப் பாடத்தை அன்றன்றைக்கு உறுதி செய்கிறவர்கள். போல்ட்டில் போட்ட பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு காலி ரயிலை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்பார்கள். எங்கள் ஆலையிலும் தாங்கி போகப்போகிறது என்பது முதலில் காதுக்குத்தான் தெரியும். 1996லிருந்து உலகத்துக் கோஸ்டர்களையெல்லாம் தொகுத்துவரும் தரவுத்தளத்தில் உயரம், நீளம், வேகம், தயாரிப்பாளர் என்று எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. இவர்களுக்கு என்று ஒரு கட்டம் இல்லை.

அந்தப் பெரியவர் மறுபடி கேட்டார், "சரி, நான் ஒண்ணுல ஏறணும்னா எங்க உக்காரணும்?" முன்வரிசை என்றால் உச்சியில் ரயில் தயங்கும்போது கீழே உள்ள பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே தொங்குவீர்கள், பெட்டி மெதுவாகத்தான் கவிழும். கடைசி வரிசை என்றால் எதுவும் தெரியாது. ஆனால் முன்பெட்டிகள் ஏற்கெனவே விழ ஆரம்பித்திருக்கும், உச்சியை நீங்கள் நடந்து கடக்க மாட்டீர்கள், பிடுங்கி எறியப்படுவீர்கள், இருக்கையை விட்டு உடம்பு எழும். ஒரே தண்டவாளம், ஒரே நிமிடம். அவர் யோசித்துவிட்டு முன்வரிசைதான் வேண்டும் என்றார். மூட்டுவலிக்குப் பின்வரிசை ஆகாதாம்.