அன்பு மட்டும் போதுமா? பார்பியானா மாணவர்களின் கடிதத்தை முன்வைத்து

கற்பித்தல் பற்றிய பேச்சு வந்தால் ஆசிரியர்கள் நடுவே முதலில் வரும் பெயர் டோட்டோ சான். யப்பானைச் சேர்ந்த தெத்சுகோ குரோயானாகி எழுதி 1981இல் வெளியான நூல். பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடந்த தொமோயே பாடசாலையையும், புதிதாக வந்த சிறுமியின் கதையை முதல் நாளே நான்கு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்த அதிபர் கொபயாஷியையும் வாசித்தவர்கள் மறக்கமாட்டார்கள். எனக்கும் பிடித்த புத்தகம்தான். ஆனால் தொமோயேயில் மொத்தமாக ஐம்பது பிள்ளைகள் அளவில்தான் படித்தார்கள். எங்கட ஒரு வகுப்பிலேயே நாற்பது பேர்; பாடவேளையும் நாற்பது நிமிடம். இங்கே எல்லோருடைய கதையையும் நான்கு மணித்தியாலம் கேட்க ஏலாது. அந்த நூலை மூடிவைத்துவிட்டு வகுப்புக்குள் போகிற ஆசிரியருக்கு, அன்பாக இருங்கள் என்ற புத்திமதிக்கு மேல் அதிகம் மிஞ்சுவதில்லை.

மிஞ்சுவது எது என்று தேடுபவர்கள் வாசிக்க வேண்டிய நூல் இன்னொன்று உண்டு. இத்தாலியில் 1967இல் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்'. தமிழிலும் கிடைக்கிறது. புளோரன்ஸ் நகருக்கு வடக்கே, மலைப்பகுதியில் உள்ள சின்னஞ்சிறு இடம் பார்பியானா. மேலிடத்துக்குப் பிடிக்காமற்போன லொரன்சோ மிலானி என்ற பாதிரியார் 1954இல் அங்கு அனுப்பப்பட்டார். அரச பாடசாலைகள் பெயிலாக்கி விரட்டிய விவசாயிகளின் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கு படித்த எட்டு மாணவர்கள் கூடி எழுதியதுதான் இந்தக் கடிதம். அது வெளியாகிச் சில வாரங்களில் மிலானி 44 வயதில் காலமானார்.

இது பாசமான நூல் அல்ல, கோபமான நூல். அதில் இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். டாக்டரின் மகன் பியரினோ, வாசிக்கத் தெரிந்துகொண்டே பாடசாலைக்கு வருகிறான். ஏழை வீட்டு ஜியானி, எத்தனை வருடம் இருந்தாலும் பெயிலாகிறான். சமமில்லாத இருவருக்கு ஒரே வினாத்தாளைக் கொடுப்பது நீதியா என்று கேட்கிறார்கள். கேட்பதோடு நிற்கவில்லை. எந்தத் தொழில் செய்பவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்போடு காணாமற்போகிறார்கள் என்று எண்ணிக் கணக்கும் காட்டுகிறார்கள்.

எமது நாட்டில்தான் யாரையும் வகுப்பில் பெயிலாக்குவதில்லையே என்று சொல்லலாம். உண்மைதான். தரம் 1இல் சேர்ந்த பிள்ளை வருடாவருடம் ஏறி தரம் 11 வரை வந்துவிடுகிறது. ஆனால் ஏறியது பிள்ளையா, இடாப்பில் உள்ள பெயரா? எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படும் பிள்ளையும் சாதாரண தர வகுப்பில் உட்கார்ந்திருப்பதைக் காணாத ஆசிரியர் இருக்கமாட்டார். இத்தாலியில் ஜியானியின் தோல்வி அவன் கண்முன்னே நடந்தது. இங்கே அது பதினொரு வருடம் தள்ளிப்போடப்படுகிறது. இடையில் பியரினோக்களுக்கு ரியூசன் இருக்கிறது. ஜியானிக்குப் பின்வாங்கு இருக்கிறது.

மொழி பற்றி இந்த மாணவர்கள் சொல்வது எமக்கு இன்னும் நெருக்கமானது. மொழிகளை உண்டாக்குகிறவர்கள் ஏழைகள். வசதியுள்ளவர்கள் அதை உறையவைத்து, தம்மைப்போல் பேசாதவர்களைக் கேலிசெய்யப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் கட்சி. எங்கட பிள்ளைகள் உம்மா, வாப்பா, ராத்தா, நானா என்று பேசும் வீட்டிலிருந்து வருகிறார்கள். ஒரு ஊர்ப் பிள்ளை 'ஈக்குது' என்று எழுதும், இன்னொரு ஊர்ப் பிள்ளை 'இரிக்கி' என்று எழுதும். இரண்டுக்கும் சிவப்புக் கோடு. எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று தமிழ் படித்த நான் சொல்லமாட்டேன். அது கிடைக்காத பிள்ளைக்கு விண்ணப்பப் படிவம்கூட விளங்காது. ஆனால் பிள்ளை வாய் திறக்கும் முன்னரே கோடு விழுந்தால், திருத்துவதற்கு அதனிடம் ஒரு வசனமும் மிஞ்சாது.

பார்பியானா இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அவர்கள் தாங்கள் எழுதிய முறையை நூலிலேயே விளக்குகிறார்கள். ஒவ்வொருவரும் மனதில் பட்டதை உடனே குறித்துக்கொள்கிறார்கள். ஒரு கடதாசித் துண்டில் ஒரே ஒரு விசயம். பின்னர் எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்பி, ஒரே மாதிரியானவற்றைக் குவியலாக்கி, குவியல்களுக்கு ஒழுங்கு தேடி, பிறகு எழுதுகிறார்கள். எழுதியதில் தேவையில்லாத சொல்லை எல்லோரும் சேர்ந்து வெட்டுகிறார்கள். கடைசியில் வெளியாள் ஒருவரிடம் வாசித்துக்காட்டி விளங்குகிறதா என்று பார்க்கிறார்கள்.

இதைத் தரம் 9இல் செய்து பார்த்தேன். தலைப்பு 'எங்கட ஊர்ச் சந்தை'. துண்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம் என்றேன். கட்டுரை என்றால் தலைப்போடு நின்றுவிடும் ஒரு பையன் இப்படி எழுதித் தந்தான்: 'வாப்பா வெல கேட்டுட்டு வாங்காம வருவாரு.' விலைவாசிக் குவியலில் இருந்த மற்றத் துண்டுகளை எல்லாம் அந்த ஒரு துண்டு தள்ளிவைத்துவிட்டது. 'வெல' என்பதை 'விலை' ஆக்கியதும், 'கேட்டுட்டு' என்பதை 'கேட்டுவிட்டு' ஆக்கியதும் பிள்ளைகள்தான். வசனத்தைத் தொடவில்லை. ஐந்து பாடவேளை போனது. வழிகாட்டிப் புத்தகத்திலுள்ள சந்தைக் கட்டுரையை ஒரே பாடவேளையில் பாடமாக்க வைத்திருக்கலாம். ஆனால் அதில் யாருடைய வாப்பாவும் வரமாட்டார்.

நூலோடு எனக்குச் சில பிணக்குகளும் உண்டு. பார்பியானாவில் ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை, விளையாட்டும் இல்லை. பிள்ளைகளை இப்படி வருத்த எனக்கு மனம் வராது. முழுநேர ஆசிரியர் திருமணம் செய்யாமல் இருக்கலாம் என்றும் ஓரிடத்தில் யோசனை சொல்கிறார்கள். வீட்டுச் சமையலை முடித்துவிட்டு முதல் பஸ் பிடிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது சிரிப்பைத்தான் தரும். கிராமத்துப் பெண்பிள்ளைகள் அங்கு வரவில்லை என்பதைச் சொல்லிப் பெற்றோரைக் குறைகூறுகிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் அதிக தூரம் போகவில்லை. சட்டமும் பாடத்திட்டமும் செய்த பிழைக்கு ஒரு ஆசிரியையைக் கூண்டில் நிறுத்துவதும் முழு நீதியல்ல.

இருந்தாலும் அவர்கள் கேள்வி நிற்கிறது. வினைத்திறனான கற்பித்தல் என்றால் நாம் பாடத்திட்டத்தை முடித்தோமா, எத்தனை 'ஏ' வந்தது என்று பார்க்கிறோம். பார்பியானா மாணவர்கள் பார்க்கச் சொல்வது மற்றப் பக்கத்தை: இந்தத் தவணையில் ஒரு வசனமும் பேசாதவர் யார், எழுதாதவர் யார்? இடாப்பில் வரவு குறிக்கும்போதே அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கலாம். அதற்குச் சுற்றறிக்கையும் வேண்டாம், செயலமர்வும் வேண்டாம். தவணை முடிவில் அந்தப் புள்ளிகள் குறைந்திருந்தால் அந்தத் தவணையில் நாம் கற்பித்திருக்கிறோம்.