விசிறியைக் கழற்றினால் போதுமா?

கம்ப்யூட்டருக்குள் சுற்றுகிற சாமான்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுவிட்டன. ஃப்ளாப்பி போயிற்று. சி.டி. போயிற்று. கிர்ரென்று சுற்றிய ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் அசையாத எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. மிச்சம் விசிறி மட்டும்தான். அதையும் கழற்றிவிட்டால் மேஜைமேல் பரிபூரண நிசப்தம். நடுராத்திரியில் எழுதுகிறவர்கள், வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ணுகிறவர்கள், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஆசை உண்டு. ஆசை நியாயமானதுதான். அதை நிறைவேற்றுவதாகச் சொல்லி விற்ற இயந்திரங்களைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு பால பாடம். ப்ராசஸர் எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறதோ, அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். விசிறி இருந்தால் அந்தச் சூட்டைப் பிடித்து வெளியே தள்ளும். இல்லாவிட்டால், சூடான காற்று லேசாகி மேலே போய், அந்த இடத்துக்குக் கீழேயிருந்து புதுக் காற்று வரவேண்டும். இது இயற்கை தன் சௌகரியப்படி செய்கிற வேலை. அவசரப்படுத்த முடியாது. அலுமினியத் தகடுகளை அகலமாக, இடைவெளி விட்டு, செங்குத்தாக நிறுத்திவைத்துக் காத்திருக்கலாம். அவ்வளவுதான்.

ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறி என்றாலே ஆகாது. 1977ல் வந்த ஆப்பிள் 2ல் விசிறி கிடையாது. ஆனால், அது வெறும் கட்டளையால் நடந்ததல்ல. ராட் ஹோல்ட் என்ற எஞ்சினியர், அந்நாளைய கனமான பவர் சப்ளைக்குப் பதிலாக ஸ்விட்சிங் வகையில் ஒன்றை வடிவமைத்தார். சிறியது, லேசானது, மின்சாரத்தைச் சூடாக வீணடிப்பது குறைவு. சூடு குறைந்தது, அதனால் விசிறி தேவைப்படவில்லை. இந்த வரிசையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1980ல் ஆப்பிள் 3. இந்தத் தடவையும் விசிறி கூடாது. ஆனால், உள்ளே சரக்கு அதிகம், இடம் குறைவு. அலுமினிய வார்ப்பில் செய்த அடிப்பாகமே சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். மெஷின்கள் மக்கர் பண்ண ஆரம்பித்தன. சிப்புகள் சாக்கெட்டிலிருந்து நழுவின. 'சில அங்குலம் தூக்கி மேஜைமேல் டொப்பென்று போடுங்கள், சிப் சரியாக உட்கார்ந்துவிடும்' என்று கம்பெனி தரப்பிலேயே யோசனை சொன்ன கதை பிரசித்தம். 4,340 டாலரிலிருந்து ஆரம்பித்த சாமான் சார் அது! பழி முழுவதும் சூட்டின் தலையில் இல்லை. நெருக்கியடித்த சர்க்யூட் போர்டுக்கும் அதில் பங்கு உண்டு. இருந்தாலும் ஆப்பிள் 2ன் வரிசை இங்கே தலைகீழாகிவிட்டது. முதலில் விசிறியை எடுத்தார்கள். சூட்டை என்ன செய்வது என்பதை அப்புறம் யோசித்தார்கள்.

2000ல் அதே ஜாப்ஸின் ஜி4 க்யூப். கண்ணாடி மாதிரி அக்ரிலிக் உறைக்குள் மிதக்கிற சின்னச் சதுரப் பெட்டி. நடுவே புகைபோக்கி மாதிரி ஒரு வழி. காற்று அடியில் நுழைந்து உச்சி வழியாக வெளியேறும். பவர் சப்ளையைத் தனிப் பெட்டியாக வெளியே வைத்துவிட்டார்கள். இயற்பியல் கச்சிதம். அழகுக்கு நூற்றுக்கு நூறு. நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியத்தில் இடம் பிடித்தது. கடையில்தான் இடம் நிலைக்கவில்லை. விலை 1,799 டாலர். அதே கம்பெனியின் டவர் கம்ப்யூட்டர், கூடுதலாகக் கார்டு செருகும் வசதியோடு, சுமார் 200 டாலர் குறைவாகக் கிடைத்தது. அக்ரிலிக்கில் தெரிந்த கோடுகளை விரிசல் என்றார்கள் வாங்கியவர்கள். வார்ப்பில் வருகிற கோடு என்றது கம்பெனி. ஓராண்டு முடிவதற்குள், 2001 ஜூலையில், உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நிசப்தம் ஓர் ஆடம்பரம் என்ற எண்ணத்தை அது விட்டுப்போனது.

அந்த எண்ணம் இன்னும் போகவில்லை. விசிறி இல்லாத கம்ப்யூட்டர் கட்ட யோசனை கேட்டால், கறுப்பு அலுமினியத்தில் பக்கமெல்லாம் தகடு வைத்த கேபினெட்டைக் காட்டுவார்கள். உள்ளே வைக்கப்போகும் சாமானைவிட உறை விலை அதிகம். ஆஸ்திரியாவின் நாக்டுவா 2021ல் விசிறி இல்லாத ஹீட்ஸிங்க் ஒன்றைக் கொண்டுவந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல், விலை நூறு டாலருக்கு மேல். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வெறும் ஹீட்ஸிங்க்குக்கே அந்தப் பணம் போய்விட்டால், பட்ஜெட்டில் கட்ட நினைத்தவர் ப்ராசஸருக்கு எங்கே போவார்?

இதற்கு நல்ல பதில் இங்கிலாந்திலிருந்து வந்தது. 2019ல் வந்த ராஸ்பெரி பை 4, உள்ளங்கை அளவு போர்டு. வெறுமனே வைத்து நீண்ட நேரம் வேலை வாங்கினால், 80 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2020 நவம்பரில் ஏறக்குறைய அதே சிப்பை ஒரு கீபோர்டுக்குள் வைத்து, மேலே அகலமான ஓர் உலோகத் தகட்டைப் போர்த்தி, பை 400 என்று 70 டாலருக்கு விற்றார்கள். விசிறி இல்லை. வேகம் குறையவில்லை, 1.5 கிகாஹெர்ட்ஸ் 1.8 ஆக உயர்ந்தது. புகைபோக்கி இல்லை, அக்ரிலிக் இல்லை, மியூசியமும் இல்லை. ஒரு தகடு! இந்த வகையில் வந்த மெஷின்களில் என் ஓட்டு இதற்குத்தான். (அதே ஆட்கள் 2023ல், இன்னும் வேகமான பை 5க்கு விசிறி வைத்த கூலரைத் தனியாக விற்க ஆரம்பித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சாதாரண விண்டோஸ் அல்லது லினக்ஸ் மெஷின் வேண்டுமென்றால், 2023ல் வந்த இன்டெல் என்100 மாதிரி, 6 வாட் என்று குறிப்பிட்ட ப்ராசஸர்கள் இருக்கின்றன. ப்ராசஸரும் ஹீட்ஸிங்க்கும் பொருத்தியே வருகிற போர்டுகள் உண்டு. லேப்டாப் அடாப்டர் மாதிரி ஒன்றைச் செருகி ஓட்டுகிற ரகமும் உண்டு. அதில் பவர் சப்ளையின் சூடும் விசிறியும் பெட்டிக்கு வெளியே போய்விடும். ஹோல்ட் செய்ததன் சின்னத் தம்பி. மேலே நிறைய ஓட்டை போட்ட மலிவான கேபினெட் போதும். ஹீட்ஸிங்க்கின் தகடுகள் செங்குத்தாக நிற்கும்படி போர்டை வையுங்கள். எஸ்.எஸ்.டி.யும் சுடும் என்பதால் அதிவேக ரகத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

ஆனால், '6 வாட்' என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அவசரத்துக்கு ஓடும்போது அதைப்போல் சில மடங்கு மின்சாரம் எடுக்கும். ஒரு வாட்டுக்கு 2 டிகிரி சூடேறும் ஹீட்ஸிங்க் என்று வைத்துக்கொள்வோம். 10 வாட் தொடர்ந்து ஓடினால், அறைச் சூட்டுக்கு மேல் 20 டிகிரி. கேம்பிரிட்ஜில் 20 டிகிரி அறையில் அது 40. சென்னையில் மே மாதம் 36 டிகிரி அறையில் 56. கவலையில்லை. 30 வாட் என்றால் இங்கே 96. ப்ராசஸர் அதற்கும் மேலே இருக்கும். உடனே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். குளிர்நாட்டு அறையில் சோதித்து எழுதிய சிபாரிசுகளைப் படிக்கும்போது இந்த 16 டிகிரியை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு வேடிக்கை. தலைக்கு மேல் சீலிங் ஃபேன் கடகடக்கிற அறையில், விசிறி இல்லாத கம்ப்யூட்டரின் நிசப்தம் யாருக்குக் கேட்கும்? ஆனால் அந்த ஃபேனின் காற்று ஹீட்ஸிங்க் மேலும் படும். கொஞ்சம் அசைகிற காற்றே அதற்குப் பெரிய உபகாரம். பெட்டியின் விசிறியைக் கூரையில் மாட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எழுத, படிக்க, கணக்குப் பார்க்க, சினிமா பார்க்க இப்படிக் கட்டிய மெஷின் தாராளம். தூசியை உள்ளே இழுக்காது, பேரிங் தேய்ந்து கத்தாது. வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டு எல்லாம் வேண்டுமென்றால் ஒரு பெரிய விசிறியை வாங்கி மெதுவாகச் சுற்றவிடுங்கள். ஓர் அடி தள்ளி உட்கார்ந்தால் அநேகமாகக் கேட்காது, செலவும் சொற்பம். எதற்காக வாங்குகிறோம் என்று முதலில் எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தச் சீட்டில் உள்ள வேலைக்கு எத்தனை வாட் என்று பார்த்தாலே, விசிறி வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.