பனிக்கு 109 குதிரை போதும்

மான்ட்ரியல் குளிர்காலத்தில் தினமும் ஓட்ட எந்தக் கார் நல்லது என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரே பதில்தான்: நிசான் மைக்ரா. அதுவும் கையால் கியர் போடும் மைக்ரா. நாலு சக்கரமும் இழுக்கும் உயரமான வண்டியைத்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முகம் மாறும். அந்த முகத்தை வலப்பக்க சீட்டில் உட்காரவைத்து, பனி கொட்டிய காலையில் கோத்-தே-நேஜ் சாலையின் ஏற்றத்தில் ஒருமுறை கூட்டிப் போனால் போதும். அதற்குப் பிறகு நான் பேச வேண்டியதே இல்லை.

இந்த மைக்ரா கனடாவில் 2014இல் விற்பனைக்கு வந்து 2019 மாடலோடு நின்றுபோனது. பக்கத்து அமெரிக்காவில் இது விற்கப்படவே இல்லை. ஆரம்ப விலை 9,998 கனடிய டாலர். அந்த விலைக்கு ஏசி கிடையாது, ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 109 குதிரைத்திறன், ஐந்து கியர், ஏறத்தாழ 1,050 கிலோ எடை. அவ்வளவுதான் வண்டி. தாம்பரத்துக்காரனான எனக்கு இதில் இன்னொரு சந்தோஷமும் உண்டு. இதே தலைமுறை மைக்ரா 2010 முதல் எங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரகடத்தில் தயாராகி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. கனடாவுக்கு வந்தவை மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்டஸ் ஆலையில் செய்தவை; ஆனால் முகம் அதே வட்ட முகம். மைனஸ் இருபதில், புருவம் வரை பனி மூடி நிற்கும் அந்த முகத்தைத் துடைத்துவிடும்போது சொந்தக்காரப் பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

சரி, பனிக்கு ஏன் குறைந்த சக்தி?

பனிக்காலத்தில் வண்டியின் எல்லையைத் தீர்மானிப்பது டயருக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் பிடிப்பு, என்ஜின் அல்ல. உலர்ந்த தாரில் கிடைக்கும் பிடிப்பில் மூன்றில் ஒரு பங்கு இறுகிய பனியில் கிடைத்தாலே பெரிது. பனிக்கட்டியில் அதுவும் இல்லை. முந்நூறு குதிரை உள்ள வண்டியில் உட்கார்ந்து அங்கே ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் என்ன நடக்கும்? சக்கரம் சும்மா சுழலப் பார்க்கும், உடனே கணினி குறுக்கே வந்து சக்தியைக் குறைக்கும், முன்னால் மஞ்சள் விளக்கு மினுக்கும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் பாதிக்கு மேல் லாயத்திலேயே கட்டிக் கிடக்கும். மைக்ராவில் அப்படி இல்லை. இரண்டாம் கியரில் மெல்லக் கிளட்ச்சை விட்டு நகர்ந்து, பிடிப்பு வந்துவிட்டது என்று உள்ளங்கால் சொன்னதும் அழுத்தினால் வண்டி தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுக்கும். மணிக்கு நாற்பது கிலோமீட்டர்தான் போய்க்கொண்டிருப்பேன், சட்டத்துக்கு உட்பட்டு, பாதசாரிக்கு நின்று வழிவிட்டு. ஆனால் கை, கால், இடுப்பு எல்லாம் வேலை செய்யும். வேகமில்லாமலே கிடைக்கிற இந்த ஆனந்தத்துக்கு ஈடாக எந்தப் பெரிய வண்டியும் எனக்கு எதையும் தந்ததில்லை.

என்ஜின் முன்னால், இழுக்கும் சக்கரமும் முன்னால். வண்டி எடையின் பெரும்பகுதி இழுக்கிற சக்கரங்களின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. சின்ன முன்சக்கர இழுவைக் கார்கள் பனியில் ஏறுவதற்கு இதுதான் காரணம். இந்தச் சூத்திரம் புதிதல்ல. 841 சிசி டூ-ஸ்ட்ரோக் என்ஜின் வைத்த சாப் காரில் எரிக் கார்ல்சன் 1962, 1963 என்று அடுத்தடுத்து மான்டே கார்லோ ராலியை வென்றார். அடுத்த ஆண்டு பேடி ஹாப்கிர்க் மினி கூப்பரில் வென்றார். எதிரில் நின்றவை எவ்வளவு பெரிய என்ஜின்கள்! ஆல்ப்ஸ் மலையின் பனியில் அந்தப் பெருமையெல்லாம் செல்லுபடியாகவில்லை. அந்தக் கால்வழியில் வந்த வண்டியைத்தான் நான் காலையில் பால் வாங்க எடுத்துக்கொண்டு போகிறேன்.

வளைவில்தான் இதன் குணம் முழுசாகத் தெரியும். கொஞ்சம் அதிக வேகத்தில் நுழைந்தால் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். ஸ்டியரிங்கை இன்னும் முறுக்கினால் அது கேட்காது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுக்க வேண்டும். உடனே எடை முன்னுக்குச் சாயும், முன்டயர்கள் தரையைக் கவ்வும், மூக்கு உள்ளே திரும்பும், பின்பக்கம் ஒரு விரற்கடை அளவு ஒதுங்கிக் கொடுக்கும். பெரிய வண்டியில் இது நடக்கும்போது நெஞ்சு அடைக்கும். இதில் எல்லாமே மெதுவாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு நடக்கிறது. லனோடியேர் பகுதியில் நோத்ர்-டாம்-த-லா-மெர்சியில் மெக்காக்ளிஸ் என்ற பனிச் சாலைப் பயிற்சி மையம் இருக்கிறது. மான்ட்ரியலில் கார் ஓட்டுகிற எல்லோரும் அங்கே ஒரு நாளாவது செலவிட வேண்டும். மூடிய பனித்தடத்தில், பயிற்றுநர் சொல்லச் சொல்ல, மைக்ராவின் பின்பக்கத்தை வேண்டுமென்றே நழுவவிட்டு நேராக்கிப் பழகுவது எவ்வளவு இன்பம்! பனி வந்தால் பயப்பட்டவர்கள் அங்கிருந்து பனிக்கு ஏங்குகிறவர்களாகத் திரும்புவார்கள்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாராட்டுக்கு அர்த்தமே இல்லை. எங்கள் க்யூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ பொறித்த முத்திரை அதில் இருக்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் போடுவேன். 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கிவிடும். விண்டர் டயரின் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும், அதில் வெட்டியிருக்கும் நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் பனியைக் கடிக்கும். மைக்ராவின் டயர் அகலம் வெறும் 185 மில்லிமீட்டர். இது பெரிய வரம். அகல டயர் உருகுபனியின் மேல் மிதக்கப் பார்க்கும். ஒல்லி டயர் அதைக் கிழித்துக்கொண்டு கீழே தார்ரோட்டைத் தேடிப் போகும். அளவு சின்னதாக இருப்பதால் விலையும் குறைவு. அதனால் கடையில் இருப்பதிலேயே நல்ல டயரை வாங்கிவிடலாம். நாலு சக்கர இழுவை கிளம்புவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது. நிற்க வைப்பது டயர். சிவப்பு விளக்கில் நின்றே ஆக வேண்டிய நகரத்தில் எனக்கு எது முக்கியம் என்று சொல்ல வேண்டுமா?

மான்ட்ரியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் மளிகைக் கடைக்கு வெளியே ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் மைக்ராவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, உந்தச் சின்னக் காரோட ஸ்னோவுக்குள்ள எப்பிடி ஓடுறீர்?”

“ஏறிப் பாருங்கண்ணே” என்றேன். ரெண்டு தெரு தள்ளி, பனி வாரும் வண்டி இன்னும் எட்டிப்பார்க்காத சந்துக்குள் போய் வந்தோம். இறங்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “உது இப்ப எங்க வாங்கலாம்?”

நகரத்துக்குள் இதன் சௌகரியங்களைத் தனியாகப் பாட வேண்டும். பனி வாரிய பிறகு தெருவோரம் இரண்டு குவியல்களுக்கு நடுவே ஒரு பொந்து இருக்கும். மற்ற வண்டிகள் பார்த்துவிட்டுப் போய்விடும், 3.8 மீட்டர் மைக்ரா உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கூரையில் கிடக்கும் பனியை ஒரு பக்கம் நின்றே பாதிக்கு மேல் தள்ளிவிடலாம், ஏணி வேண்டாம், எக்க வேண்டாம். ராத்திரி பனி அள்ளும் லாரிகள் வருவதற்கு முன், வண்டிகளை எடுக்கச் சொல்லி சைரன் ஊதுவார்கள். சக்கரம் பாதி புதைந்திருந்தாலும் பதறத் தேவையில்லை. ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு முதல் கியர், ரிவர்ஸ், முதல் கியர் என்று ஊஞ்சல் ஆட்டினால் மூன்றாவது நாலாவது ஆட்டத்தில் எகிறி வந்துவிடும். அதற்கும் மசியாத பனியென்றால் போகிற வருகிறவர்கள் இரண்டு பேர் தோள் கொடுத்தால் போதும், ஆயிரம் கிலோ வண்டிதானே.

வாங்குவதற்கு முன் வேறு சிலவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஹோண்டா ஃபிட் அற்புதமான வண்டி. பின்சீட்டின் அடிப்பலகையை மேலே மடக்கினால் சைக்கிள்கூட நிற்கும், குழந்தை குட்டிக்காரர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மாஸ்டா 2இன் ஸ்டியரிங் விரல் நுனியில் பேசும். ஃபியட் 500 அழகி. ஆனால் மைக்ரா மட்டும்தான் என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தது. அப்படிச் சிரித்தது நான் மட்டுமல்ல. 2015இல் தொடங்கி க்யூபெக்கின் பந்தயத் தடங்களில் மைக்ராக்களுக்கென்றே ஒரு கோப்பைப் போட்டி நடந்தது. என்ஜினில் கை வைக்காமல் அதே 109 குதிரையோடு, கதவோடு கதவு உரசியபடி பந்தயம். ஃபார்முலா ஒன் கார்கள் சீறும் ஜீல் வில்நெவ் தடத்தில் இந்தக் குட்டிகள் கூட்டமாக வளைவுக்குள் நுழைவதைப் பார்ப்பதே திருவிழாவாக இருந்தது.

இப்போது பழைய வண்டியாகத்தான் கிடைக்கும். தேடுகிறவர்கள் முதலில் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். இந்த ஊர்ச் சாலை உப்பு இரும்பைத் தின்னும். பின்சக்கர வளைவுகளிலும் கதவுக்குக் கீழேயும் துரு இருந்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள். இலையுதிர்காலத்தில் தவறாமல் துருத்தடுப்பு எண்ணெய் அடித்து வந்த வண்டி என்றால் ரசீது காட்டச் சொல்லுங்கள். பேட்டரியைச் சோதியுங்கள், மைனஸ் இருபத்தைந்தில் அதுதான் முதலில் கைவிரிக்கும். நாலு கியர் ஆட்டோமேட்டிக்கைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். இந்த வண்டியின் உயிர் கிளட்ச்சில் இருக்கிறது. மிச்சப்பட்ட காசை அப்படியே நாலு விண்டர் டயரில் போடுங்கள். தனி இரும்பு ரிம்மோடு வாங்கினால் மாற்றும் கூலி ஒவ்வொரு பருவத்துக்கும் மிச்சம். நவம்பர் முடிவதற்குள் பூட்டிவிடுங்கள், முதல் பனி யாருக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை. அன்றைக்கு விடுமுறையாக இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள், வலப்பக்க சீட்டில் உட்கார்ந்து வருகிறேன்.