ஊறுகாய் பாட்டிலுக்குள் ஒரு தேசம்

வொல்ஃப்காங் பெக்கரின் 'குட்பை லெனின்' (2003) பார்க்காதவர்கள் எங்காவது தேடிப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். கிழக்கு பெர்லினில் ஓர் அம்மா. சோஷலிசத்தை முழுசாக நம்புகிறவள். 1989 அக்டோபரில் மயங்கி விழுந்து, எட்டு மாதம் கோமாவில் கிடந்து விழிக்கிறாள். நடுவில் பெர்லின் சுவர் போயாச்சு. அதிர்ச்சி கூடாது என்கிறார் டாக்டர். மகன் அலெக்ஸ், அந்த ஃபிளாட்டுக்குள் மட்டும் பழைய கிழக்கு ஜெர்மனியைத் தொடர்ந்து நடத்துகிறான்.

அம்மாவுக்கு ஸ்ப்ரேவால்ட் வெள்ளரிக்காய் ஊறுகாய் வேண்டும். கடையில் இருப்பதோ ஹாலந்து சரக்கு. குப்பையில் பழைய பாட்டிலைத் தேடியெடுத்து, புதுசை அதில் அடைக்கிறான் பையன். விழுந்து விழுந்து சிரிக்கிறோம். உள்ளூர் ஊறுகாய் ஏன் கடையிலிருந்து காணாமல் போனது? படம் அதைக் கேட்பதில்லை. என் சண்டை இங்கேதான்.

விஷயம் இதுதான். 1990 ஜூலை 1 அன்று கிழக்குக்கும் மேற்கு மார்க் வந்தது. சம்பளம் ஒன்றுக்கு ஒன்று. சேமிப்பில் பெரியவர்களுக்கு முதல் 4,000 மார்க்கும் அப்படியே, அதற்கு மேல் பாதி. ஜனங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால், அதுவரை ஏற்றுமதியில் ஒரு மேற்கு மார்க் சம்பாதிக்கக் கிழக்கு ஃபாக்டரிகள் நாலு மார்க்குக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தன. ராத்திரியோடு ராத்திரியாக அவர்கள் சரக்கு யானை விலை, குதிரை விலை ஆகிவிட்டது. வழக்கமாக வாங்கும் சோவியத் யூனியனிடம் கெட்டிப் பணம் இல்லை. உள்ளூர்க்காரர்களும் பளபள பாக்கெட்டுக்குத் தாவினார்கள். ட்ராய்ஹாண்ட் என்ற அரசு அமைப்பு சுமார் 8,500 நிறுவனங்களை, 40 லட்சம் தொழிலாளர்களோடு கையில் வாங்கி, 1994 கடைசிக்குள் விற்றோ மூடியோ கணக்கை முடித்தது. அதன் தலைவர் ரோவெடர் 1991-ல் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

நிலமெல்லாம் பூத்துக் குலுங்கும் என்று வாக்களித்திருந்தார் ஹெல்முட் கோல். சில இடங்களில் பூத்தது. டிரெஸ்டனுக்கு சிப் ஃபாக்டரிகள் வந்தன, லைப்சிக்குக்கு பி.எம்.டபிள்யூ. பழுப்பு நிலக்கரியை நம்பிக் கட்டிய ஹோயர்ஸ்வெர்டாவிலோ மக்கள்தொகை பாதிக்கும் கீழே போய், ஆளில்லாத அடுக்குமாடிகளை இடித்துத் தள்ளினார்கள். பெக்கரின் கேமரா பெர்லினைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெர்லின்காரர்களுக்கு எப்படியும் ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. அலெக்ஸ்கூட டிஷ் ஆன்டெனா விற்கப் போய்விடுகிறான்.

ஒரே ஒரு காட்சிக்காக இவரை மன்னிக்கலாம். அம்மா ஒளித்துவைத்த 30,000 மார்க் தாமதமாகக் கிடைக்கிறது. பேங்க்கில் மாற்றும் கெடு முடிந்துவிட்டது. மொட்டை மாடியிலிருந்து அத்தனை நோட்டையும் காற்றில் விடுகிறான். பொருளாதாரப் பேராசிரியர்கள் 400 பக்கம் எழுதுவதை இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

ஸ்ப்ரேவால்ட் ஊறுகாய் பிழைத்துக்கொண்டது. 1999-ல் ஐரோப்பிய யூனியனின் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. படம் பார்க்கும்போது அலெக்ஸின் சகோதரியையும் கவனியுங்கள். பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த பெண், படிப்பை விட்டுவிட்டு பர்கர் கிங்கில் யூனிஃபாரம் மாட்டிக்கொண்டு பொட்டலம் நீட்டுகிறாள்.