தங்கக் குதிரைவீரனுக்கு வழிவிடுங்கள்

எல்டன் ரிங் என்ற வீடியோ ஆட்டத்தில் ஆரம்பச் சுரங்கங்களைத் தாண்டிக் கதவைத் தள்ளித் திறந்தால் லிம்கிரேவ் என்ற பச்சைவெளி விரிகிறது. காற்றில் சாயும் புல், சற்றுத் தள்ளி இடிந்த தேவாலயம், எல்லாவற்றுக்கும் பின்னால் வானை முட்டும் எர்ட்ட்ரீ என்ற பொன்மரம். தேவாலயத்துக்குப் போகும் வழியில் தங்கக் கவசம் பூண்ட ஒருவன் குதிரையில் ரோந்து வருகிறான். பெயர் ட்ரீ சென்டினல். முதல் எதிரிதானே, லேசாக இருப்பான் என்று புதிதாக ஆடுபவர் நெருங்குவார். இரண்டு அடியில் கதை முடியும். மறுபடி போவார், மறுபடி விழுவார்.

அவனைச் சுற்றிலும் வெட்டவெளி. ஓரத்து மரங்களுக்குள் புகுந்து ஒதுங்கிப் போனால் தேவாலயம் போய்ச் சேரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். இதுதான் எல்டன் ரிங் கற்றுத்தரும் முதல் பாடம். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரி 25 அன்று வெளியிட்ட ஆட்டம் இது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. கதைக்கு முந்தைய புராணத்தை எழுதிக் கொடுத்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் சிறந்த ஆட்டம் என்ற விருதும் இதற்கே. ஆனால் விருதைவிட வேகமாகப் பரவியது ‘ரொம்பக் கஷ்டமான கேம்’ என்ற பேச்சு. அது பொய்யில்லை, பாதி உண்மை. கஷ்டம் எங்கே நிற்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு விலகத் தெரிந்தவருக்கு இந்த ஆட்டம் மிகத் தாராளமானது.

ஆரம்பத்தில் பத்து வகைப் பாத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். முதல்முறை ஆடுகிறவருக்கு வாகபாண்ட் நல்லது; அவனுடைய கேடயம் வாள்வீச்சை முழுதாகத் தாங்கும். அடிதடிக்குள் போகவே பயமாக இருந்தால், எட்ட நின்று மந்திரம் வீசும் அஸ்ட்ராலஜர். ரெச் என்பவன் வெறும் உடம்போடு ஒரு தடியை வைத்துக்கொண்டு வருவான். அவனை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் ஆயுள் கட்டு இல்லை. யாரையும் பிறகு எப்படியும் வளர்க்கலாம்.

கணக்கு விஷயத்தில் இரண்டே இரண்டு போதும். லெவல் ஏற்றும்போது முதலில் விகர், அதாவது உயிர்பலம். சேதம் அதிகம் கொடுப்பதைவிட இன்னொரு அடி தாங்குவது பெரிய விஷயம். அடுத்தது, சுமக்கும் எடை உங்கள் வரம்பில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். மீறினால் உருண்டு தப்பிக்கும் அசைவு மந்தமாகிவிடும். அழகான கவசத்துக்கு ஆசைப்பட்டுப் பலர் சாவது இதனால்தான். கேட்ஃப்ரன்ட் இடிபாட்டில் உள்ள கிரேஸ் என்ற பொன்னொளி ஓய்விடத்தில் உட்கார்ந்தால் மெலினா என்ற பெண் வருவாள். லெவல் ஏற்றும் வசதியும் டொரன்ட் என்ற குதிரையும் அவள் மூலம் கிடைக்கும். கையோடு தேவாலயத்துக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். அங்கே ஒருத்தி ஒரு மணியைத் தருவாள். சில இடங்களில் அதை அடித்தால் ஆவி ஓநாய்கள் துணைக்கு வந்து கடிக்கும்.

இனி ரசனைக்கு வருவோம். மற்ற பல ஆட்டங்களில் மேப் முழுக்கக் குறிகள் மொய்க்கும். ஆடுகிறவர் நிலத்தைப் பார்க்காமல் குறியைப் பார்த்தே நடப்பார். இங்கே வேலைப் பட்டியல் கிடையாது. கண்ணும் காதும்தான் பட்டியல். சாலையோரம் பொன்னிறத்தில் மினுங்கும் சின்னக் கன்று தெரிந்தால் அதனடியில் தங்க விதை இருக்கும். மருந்துக் குப்பியின் எண்ணிக்கை அதனால் கூடும். மேப்பில் ஒரு நடுகல்லின் சிறு படம் மட்டும் மங்கலாகத் தெரியும். அந்த இடத்துக்குப் போனால் அந்தப் பகுதியின் வரைபடம் கிடைக்கும்.

காதுக்கு ஓர் உதாரணம். லிம்கிரேவின் கிழக்கே மிஸ்ட்வுட் காட்டில் நடக்கும்போது எங்கிருந்தோ ஓநாய் ஊளையிடுவது கேட்கும். சத்தம் வரும் பக்கம் போனால் இடிந்த சுவர்களின் உச்சியில் ஓர் உருவம். ஏற வழியில்லை, கூப்பிட்டாலும் இறங்காது. ஆரம்பத் தேவாலயத்து வியாபாரி காலேயிடம் வந்து அந்த ஊளையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், விரலைச் சொடுக்கும் ஒரு சைகையைச் சொல்லித் தருவார். திரும்பப் போய்ச் சுவரடியில் நின்று சொடுக்கினால், மேலிருந்து குதித்து வந்து நிற்கிறான் ஓநாய்முகம் கொண்ட ப்ளைத். எந்த அம்புக்குறியும் இல்லை. கேட்டது, யோசித்தது, விசாரித்தது எல்லாம் நீங்கள். ஆட்டத்தின் மிக நீண்ட கிளைக்கதைகளில் ஒன்றில் வரும் முக்கிய ஆள் அவன்.

அதே காட்டில் வட்டமான சின்னக் கல்கட்டடம் ஒன்று உண்டு. உள்ளே ஒரு லிஃப்ட். மிதித்தால் கீழே இறங்கும். ஏதோ நிலவறை என்று நினைப்பீர்கள். இறங்கிக்கொண்டே இருக்கும். இவ்வளவு ஆழமா என்று சந்தேகம் வந்த பிறகும் இறங்கும். அந்தக் காத்திருப்பை அளந்து வைத்த கைக்கு ஒரு கும்பிடு போடலாம். அடியில் என்ன என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். அதுவரை எந்த வீடியோவையும் திறக்க வேண்டாம்.

சண்டையிலும் கவனித்துக் காத்திருப்பதுதான் கதை. பொத்தானை வேகமாக அழுத்துவதில் லாபமில்லை. ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற எதிரியைக் கவனியுங்கள். தடியை ஓங்குவான், நீங்கள் பதறி உருளுவீர்கள், நீங்கள் எழுந்த பிறகு அடிப்பான். சமத்தில் தொடங்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டைப் போல, அவன் அடி பல நேரம் எதிர்பார்த்த இடத்துக்குப் பிந்தித்தான் விழும். ஓங்குவதைப் பார்த்து உருளாதீர்கள்; தடி இறங்கும்போது உருளுங்கள். சாதாரணச் சிப்பாய்களிடம் கேடயத்தில் அடியை வாங்கி, உடனே பலமான வெட்டு ஒன்று கொடுத்துப் பழகுங்கள். அந்த ஓசையிலேயே ஒரு திருப்தி இருக்கிறது.

செத்தால், லெவல் ஏற்ற உதவும் காசான ரூன்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போயே போச்சு. ரூன் எங்கும் கிடைக்கும். அதற்காக ஆத்திரப்பட்டு அதே எதிரியிடம் திரும்பத் திரும்பப் போய்த் தலையைக் கொடுப்பதுதான் புதியவர்களின் மாலைப்பொழுதைக் கெடுப்பது. தரையில் மற்ற ஆட்டக்காரர்கள் எழுதிய குறிப்புகள் ஒளிரும். வெறும் சுவருக்கு முன்னால் ‘ரகசிய வழி’ என்று எழுதும் குறும்பர்கள் உண்டு. உண்மையாகவே காப்பாற்றுபவர்களும் உண்டு. நல்ல குறிப்பைப் பாராட்டினால், அதை எழுதியவர் அந்நேரம் எங்கோ சண்டையில் இருந்தால் அவருக்கு உயிர் கொஞ்சம் ஏறும். முகம் தெரியாதவருக்குச் செய்யும் அந்த உபகாரத்தை மறக்காதீர்கள்.

கிரேஸிலிருந்து கிளம்பும் ஒளிக்கீற்று கோட்டைப் பக்கம் கைகாட்டும். அது யோசனைதான், உத்தரவு அல்ல. தெற்கே பாலம் தாண்டினால் வீப்பிங் பெனின்சுலா. அங்கே சுற்றித் திரிந்து, குப்பி மருந்தின் வீரியத்தைக் கூட்டும் கண்ணீர்த் துளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தால் மார்கிட் பாதிதான் பயமுறுத்துவான். அதுவும் வேண்டாம் என்றால், கோட்டைக்குள் நுழையாமலே மலைச்சரிவு ஓரமாக அடுத்த நாட்டுக்குப் போய்விடும் பாதை ஒன்று இருக்கிறது. யாரையும் கேட்காமல் தேடிப் பாருங்கள். கண்டுபிடித்துவிட்டால் ஆட்டம் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.