டிராஃப்டரும் ஆட்டோகேடும்

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக் தொடங்கிய அதே 1963-இல்தான், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் தன் ஆய்வேட்டுக்காகக் கணினித் திரையில் ஒளிப்பேனாவால் கோடு இழுத்துக் காட்டினார். 1982-இல் ஆட்டோகேட் என்னும் கணினி வரைவு மென்பொருள் வந்தது. இவ்வளவு காலம் ஆகியும், பொறியியல் மாணவன் கையால் வரைந்து பழக வேண்டுமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் என்று கல்லூரிகளும் மில்களும் பட்டறைகளும் அடுத்தடுத்து இருக்கும் இந்த வட்டாரத்தில் அது ஏட்டுக் கேள்வி அல்ல.

மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேமின் ஷாஃப்ட் ஒன்று தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வெர்னியரில் அளந்தால் 24.86 மி.மீ. காட்டுகிறது. கேட் எனும் கணினி வரைவு மட்டும் படித்தவர் அதை அப்படியே பதிகிறார். அசல் அளவு 25. தேய்மானமும் சேர்ந்தே வரைபடமாகி, லேத்தில் புதிதாகக் கடைந்த ஷாஃப்ட் பழைய ஆட்டத்தோடு வந்து சேர்கிறது. அனுபவப்பட்ட பிட்டர் ஒரு துண்டுத்தாளில் இரண்டு தோற்றம் வரைந்து, 25 என்று எழுதி, பேரிங் உட்காரும் இடத்தில் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்றும் குறிப்பார். அந்தக் கோடுகள் கோணலாக இருக்கலாம். ஆனால் லேத்காரருக்கு வேண்டியது எல்லாம் அதில் உண்டு.

இதை வைத்துக் கைவரைவுக்குக் கொடி பிடிக்க நான் வரவில்லை. டிரேசிங் தாளில் மை தவறினால் பிளேடால் சுரண்டிய காலத்தை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஷெட்டில் ஒரு தூண் நகர்ந்தால் அத்தனை ஷீட்டையும் மறுபடி வரைய வேண்டியிருந்த வேலை, இன்று சில நிமிடங்களில் முடிகிறது. இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று இடிக்குமா என்பது இரும்பை வெட்டும் முன்பே தெரிந்துவிடுகிறது. வகுப்பறைக் கைவரைவும் யோக்கியமாக நடப்பதில்லை. எழுத்தின் அழகுக்கும் கோட்டின் கனத்துக்கும் மார்க் போட்டால், கண்ணாடிக்கு அடியில் விளக்கை வைத்து நண்பனின் ஷீட்டை டிரேஸ் எடுக்கத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

ஆனால் கணினி வரைபடத்தின் பிழை கண்ணுக்கு எளிதில் படாது. ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு நம் இந்தியத் தரம் பர்ஸ்ட் ஆங்கிள் முறையைச் சொல்கிறது. மென்பொருளில் அமெரிக்கத் தாள்வடிவத்தைத் தேர்ந்துவிட்டால் படம், தோற்றங்கள் பக்கம் மாறும் தேர்டு ஆங்கிளில் வரும். எந்த முறை என்று காட்டும் மூலைச் சின்னத்தைக் கவனிக்காத பட்டறையில், பிராக்கெட்டின் இடப்பக்கத் துளை வலப்பக்கம் விழும். அச்சடித்த நேர்த்தியைப் பார்த்து யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். தோற்றங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கப் பழகியவர்தான் இதைப் பிடிப்பார். அந்தப் பழக்கம் வெறும் தாளில் வரைந்து பார்த்தால்தான் வருகிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில், முதலாண்டு இன்ஜினியரிங் கிராபிக்ஸ் தாளில் கேட் பயிற்சி இருந்தது. ஆனால் அது தேர்வுக்கு இருக்கவில்லை. டிராஃப்டர் என்னும் வரைகருவியை வைத்து வரைவதுதான் தேர்வாக இருந்தது. இது தலைகீழ் என்பது என் தீர்ப்பு. துல்லியக் கோடு போடுவதைக் கணினிக்கே விட்டுவிடலாம். மாணவன் கையில் ஒரு நிஜப் பாகத்தையும் பென்சிலையும் கொடுத்து, ஸ்கேல் இல்லாமல் வரைந்து அளவு குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அதையே கேடில் முடிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மார்க் போடுங்கள்.