துயரப் பாடல்களின் சிம்பொனி: கோரெட்ஸ்கியின் படைப்பும் அதன்மேல் எழுந்த வழக்கும்

ஒரு கலைப்படைப்பைக் கேட்டுப் பலர் கண்ணீர் விட்டனர் என்பது அதன் சிறப்புக்குச் சான்றாகுமா? அதன் ஆக்கமுறை எளிது என்பது அதன் குறைக்குச் சான்றாகுமா? போலந்து நாட்டு இசையாசிரியர் ஹென்றிக் மிகோவாய் கோரெட்ஸ்கி 1976-இல் இயற்றிய மூன்றாம் சிம்பொனி பற்றி எழுந்த வழக்கு, சுருங்கக் கூறின், இவ்விரு வினாக்களுள் அடங்கும். 'துயரப் பாடல்களின் சிம்பொனி' என்பது ஆசிரியர் அதற்கு இட்ட பெயர். ஏட்ரியன் தாமஸ் போன்ற ஆராய்ச்சியாளர் சிலர் நீங்கலாக, வழக்கிட்டோருட் பெரும்பாலோர் படைப்பின் அமைப்பைச் சென்று நோக்கினாரல்லர் என்பது எம் கருத்து. மூன்று பாடல்களின்மேல் எழுந்த இசை இஃது ஆதலின், பாட்டின் இயல்பு ஆராயும் தமிழ் மாணவர்க்கும் இவ்வழக்கிற் பங்குண்டு.

கோரெட்ஸ்கி 1933-இல் போலந்தின் தென்பகுதியாகிய சைலீசியாவிற் பிறந்தார். இரண்டாம் அகவையில் தாயை இழந்தார். கடோவிட்சே நகரின் இசைக் கல்லூரியிற் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் தலைவராகவும் இருந்தார். 2010-இல் அந்நகரிலேயே மறைந்தார். 1960-இல் வார்சா இலையுதிர்கால விழாவில் 'ஸ்கொன்ட்ரி' என்னும் அவர் படைப்பு அரங்கேறியபோது புதுமையாளர் அணியின் முன்வரிசையில் வைத்து எண்ணப்பட்டார். அப்பெயர்க்கு 'மோதல்கள்' என்பது பொருள். பெயருக்கேற்ற இசையே அது. அத்தகையவர் 1977 ஏப்ரல் 4-ஆம் நாள், பிரெஞ்சு நாட்டு ருவாயான் நகரின் இசைவிழாவில், புதுமை கேட்க வந்திருந்த அவையின்முன் இம்மூன்றாம் சிம்பொனியை வைத்தார். எர்னஸ்ட் பூர் இசைக்குழுவை நடத்த, ஸ்டெபானியா வொய்டோவிச் பாடினார். ஏறத்தாழ ஐம்பத்து நான்கு நிமிடம், மூன்று பகுதிகள், மூன்றும் மந்த நடையின. ஓபோ இல்லை, டிரம்பெட் இல்லை, முழவுக் கருவி ஒன்றும் இல்லை.

அவை சினந்தது. முன்வரிசையில் இருந்த பிரெஞ்சு இசைப்பெருமகன் ஒருவர், இறுதியில் ஏ மேஜர் சுரக்கூட்டு மீண்டும் மீண்டும் ஒலித்து அடங்கியபோது, இழிசொல் ஒன்றை உரக்கக் கூறினார் என்று கோரெட்ஸ்கியே பிற்காலத்திற் குறித்துள்ளார். திறனாய்வாளர் பலரும் அச்சொல்லைச் சற்று நாகரிகமாக எழுதினர், வேறுபாடு அவ்வளவே. அவர்தம் குற்றச்சாட்டைத் தமிழ் நூலோர் வாய்பாட்டில் வைத்துரைப்பின், 'கூறியது கூறல்' எனலாம். ஒரே மெட்டு, ஒரே சுரக்கூட்டு, ஒரே நடை; மோதல்களை ஆக்கியவர் முன்னோர் பழம்பண்ணுக்கு மீண்டுவிட்டார்; இது வறுமை என்றனர்.

பதினைந்து ஆண்டு கழிந்து காட்சி மாறியது. இடையில் 1985-இல் மோரீஸ் பியாலா தம் 'போலீஸ்' என்னும் திரைப்படத்தின் முடிவில் இதன் ஒரு பகுதியைச் சேர்த்திருந்தார். 1992-இல் டேவிட் ஜின்மன் நடத்த, லண்டன் சின்ஃபோனியெட்டா குழுவினர் இசைக்க, டான் அப்ஷா பாடிய ஒலிப்பதிவு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே தோன்றிய ஆங்கிலேயரின் செவ்விசை வானொலி அதனை இடையறாது ஒலிபரப்பிற்று. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றன. பொதுமக்கள் விரும்பும் மெல்லிசைத் தட்டுகளின் விற்பனை வரிசையில், பிரித்தானியாவில், ஆறாம் இடம் வரை ஏறிற்று. வாழும் இசையாசிரியர் ஒருவரின் சிம்பொனி அவ்விடத்திற்கு ஏறுதல் புதுமையே. விற்பனை மிக மிகப் போற்றுவோரும் மிக்கனர். அவர் காட்டிய சான்றோ, கேட்டவர் அழுதனர் என்பது.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றினும், அடிப்படையில் ஒன்றையே ஒப்புகின்றனர். இவ்விசை எளிது என்பதில் இருவர்க்கும் ஐயமில்லை. எளிமை ஒருவர்க்கு வறுமை; மற்றவர்க்கு உண்மை. யாம் மறுப்பது அவ்வொப்புதலையே. முதற்பகுதியை எடுத்துக்கொள்வோம்.

முதற்பகுதி மொத்தக் காலத்தில் ஏறத்தாழச் செம்பாதியை எடுத்துக்கொள்வது. டபிள் பேஸ் என்னும் பெருநரம்புக் கருவிகள், கேளாத அளவினும் சற்றே மிக்க ஒலியில், 24 தாள அளவுடைய மெட்டொன்றைத் தொடங்குகின்றன. நெருங்கிய சுரங்களிற் படிப்படியாக ஏறி இறங்கும் மெட்டு அது. கோயிற்பாட்டின் சாயல் உடையது. மெட்டு ஒருமுறை முடிந்ததும் வேறொரு குரல் அதே மெட்டை ஐந்தாம் சுரத்தினின்று தொடங்குகின்றது. முதற்குரலோ நிற்பதில்லை, தன் மெட்டை மீண்டும் இசைக்கின்றது. பின் மூன்றாம் குரல், அதற்கும் ஐந்தாவதினின்று. இவ்வாறு எட்டுக் குரல்கள் அடுக்கி எழுகின்றன. மேலைநாட்டார் இதனைக் கேனன் என்பர். அவர்தம் இசைமரபில் இதனினும் கட்டுப்பாடு மிக்க யாப்பு அரிது. ஒரு குரல் தவறின் எட்டும் தவறும். 'எளிது' என்று இகழ்ந்தோரும் புகழ்ந்தோரும் இவ்யாப்பையே எளிது என்றனர்.

ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. குரல்கள் ஐந்தாவதினின்று தொடங்கினும் புதுச்சுரம் எதனையும் ஆசிரியர் சேர்க்கவில்லை. முதற்குரலுக்கு உரிய ஏழு சுரங்களையே எட்டுக் குரலும் பகிர்ந்துகொள்கின்றன. எனவே தொடங்குமிடம் மாற மாற, மெட்டின் வடிவு மாறாமல், பண் மாறுகின்றது. முதற்குரலின் சுரநிரல் நாம் நடபைரவி என்று வழங்குவது. இரண்டாவதன் நிரல் தோடி. மூன்றாவது பஞ்சமம் தன்நிலை திரிந்து, நிலைகொள்ள இடமற்றது. இளிமுறையாற் பாலை திரியும் வகையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் அதன் உரைகளிலும் பயின்றார்க்கு இஃது புதிதன்று. ஆபிரகாம் பண்டிதர் 1917-இலும் விபுலானந்த அடிகள் 1947-இலும் தம் பெருநூல்களில் நிறுவ முயன்றது இத்தகைய பண்ணுப்பெயர்ப்பே. இசையாராய்ச்சியாளர் பலர் கொள்ளுமாறு கொள்ளின், இரண்டாம் குரல் புகுவது விளரிப்பாலையில். விளரியோ நம் நூல்களில் இரங்கற்கு உரியதாகப் பேசப்படுவது. போலந்துக்காரர் நம் பாலைகளை அறிந்திருந்தார் என்று இதனாற் கூறுவாரில்லை. ஏழு சுரமும் ஐந்தாம் முறையும் எங்கும் உள்ளன. அவற்றிற் பிறப்பனவும் எங்கும் ஒத்துப் பிறக்கும். யாம் சொல்ல வந்தது பிறிது. ஒரே மெட்டு எட்டு முறை வரினும், எட்டாவது முறை வருவது முதன்முறை வந்ததன்று. இது கூறியது கூறல் ஆகாது. கூறியது கூறலைக் குற்றம் என்ற நம் இலக்கண மரபே, பயன் வேறுபடின் அது குற்றமன்று என்றும் கண்டது.

எட்டுக் குரலும் நிரம்பியபின் அவை மேலும் கீழுமாக ஒவ்வொன்றாய் விலகி, நடுவில் ஒரே சுரமாக ஒடுங்குகின்றன. அவ்வொற்றைச் சுரத்தின்மேல், தொடங்கிப் பத்து நிமிடத்திற்கும் மேலாகிய பின்னர், முதன்முறையாக மனிதக்குரல் எழுகின்றது. பாட்டு, பதினைந்தாம் நூற்றாண்டிற்குரிய போலிஷ் மொழிப் புலம்பல். சிலுவையடியில் நிற்கும் தாய், உன் புண்களை என்னோடு பகிர்ந்துகொள், போகுமுன் ஒரு சொல் சொல் என்று மகனை வேண்டுவது. சில நிமிடங்களே பாடுகின்றாள். அவள் குரல் உச்சியைத் தொடும் கணத்தில் எட்டு நரம்புக் குரல்களும் முழுவலியுடன் ஒருங்கே மீளப் புகுந்து அவளை மூடிவிடுகின்றன. பின் ஒன்றொன்றாக ஒழிந்து, தொடக்கத்தில் வந்த பெருநரம்புகளே எஞ்சி நிற்கின்றன. தாயின் அழுகையை இசை வருணிக்கவில்லை. அவள் வருமுன்னும் அது இயங்கிற்று, அவள் போனபின்னும் இயங்குகின்றது. இழவைப் பற்றிய அழுகை மெய்ப்பாட்டை இத்துணை அடக்கத்துடன் நிறுத்திய இசை இருபதாம் நூற்றாண்டில் மிகச் சிலவே என்போம்.

இரண்டாம் பகுதியே இப்படைப்புக்குப் பெரும்புகழ் தந்தது. எம் கணிப்பில் அதுவே வழக்கை மிகவும் குழப்பியதும் ஆகும். அதன் பாட்டு ஏட்டில் எழுதியதன்று, சுவரிற் கீறியது. ஸாகோபானே நகரில் கெஸ்டாபோவினர் சிறையாகக் கொண்ட 'பாலஸ்' என்னும் மாளிகையின் மூன்றாம் அறையில், 1944 செப்டம்பரில் அடைபட்ட ஹெலெனா வாண்டா பூவஷூஷியாகூவ்னா என்னும் பதினெட்டு அகவை மகள் எழுதியது. அழவேண்டா என்று தன் தாய்க்குக் கூறி, வானரசியாகிய மரியாளின் துணையை வேண்டுவது. பழிவாங்கலையோ தன் குற்றமின்மையையோ பேசாது, தாயையே நினைந்த எளிமைதான் கோரெட்ஸ்கியைக் கவர்ந்தது. இவ்வரலாற்றை அறிந்து கேட்பவர் நெஞ்சு நெகிழாதிருத்தல் அரிது. நெகிழ்ச்சி இசையால் விளைந்ததா, வரலாற்றால் விளைந்ததா என்பதே வினா.

புறநானூற்று ஆராய்ச்சியாளர்க்கு இவ்வினா பழக்கமானது. பாரிமகளிர் பாடியதாக வழங்கும் ஐந்தடிப் பாட்டில் பாரியின் பெயர் இல்லை. பறம்பின் பெயரும் இல்லை. கீழுள்ள குறிப்பே அவற்றை நமக்குத் தருகின்றது. அக்குறிப்பை நீக்கிவிடின் பாட்டு வீழுமா? வீழாது என்பதே எம் துணிபு. சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் ஏறக்குறைய ஒரே சொற்களால் கூறி, இடையில் நேர்ந்ததை அச்சிறு மாற்றத்தில் வைத்த யாப்பு, யார் மகளிர் என்று அறியாதவனையும் நிறுத்தும். குறிப்பு துயரத்துக்கு முகவரி தருகின்றது. துயரத்தைத் தருவது பாட்டு. இதே அளவுகோலைச் சிம்பொனியின் இரண்டாம் பகுதிக்கு வைப்பின் விடை அத்துணைத் தெளிவாக இல்லை. ஒளிமிக்க தொடக்கம் அழகியது. அது இருண்ட சுரங்களுக்கு வழுக்கி இறங்கும் இடமும், இறுதியில் நரம்புகள் ஒரே சுரக்கூட்டைத் தணிக்காமல் ஒரு நிமிடத்திற்கு மேலும் தாங்கி நிற்கும் இடமும் தேர்ந்த கையின் வேலையே. ஆயினும் முதற்பகுதியைப் போலத் தன் யாப்பால் மட்டும் நிற்கும் வலிமை இதற்குக் குறைவு. சுவர்க் குறிப்பை அறியாது கேட்பவன் இதனை இனிய தாலாட்டாகவும் கொள்ளக்கூடும். பலர் அவ்வாறே கொண்டனர் என்பதற்கு, உண்ணும் விடுதிகளிலும் இது ஒலித்தமை சான்று.

குறிப்பு பாட்டை விழுங்குவதும் உண்டு. 1993-இல் டோனி பாமர் இச்சிம்பொனி பற்றி எடுத்த திரைப்படத்தில் ஆஷ்விட்ஸ் முகாமின் காட்சிகள் இசையோடு இணைக்கப்பட்டன. அன்றுமுதல் இதனை நாசிக் கொடுமையின் நினைவுச்சின்னமாகவே கேட்போர் பலர். ஆசிரியரோ இது போரைப் பற்றியதன்று என்று கூறிவந்தார். பாடல்களை நோக்கின் அவர் கூற்றே பொருந்தும். மூன்றனுள் ஒன்றே அப்போர்க்காலத்தது. மூன்றையும் பிணைப்பது தாயும் மக்களும் பிரியும் பிரிவு.

மூன்றாம் பகுதிக்கு வருவோம். ஓப்போலே வட்டார வழக்கிலமைந்த நாட்டுப்பாடல் இது. சைலீசியக் கிளர்ச்சிகளில் மகனை இழந்த தாய், அவன் உடல் கிடக்கும் இடமும் அறியாது அரற்றுகின்றாள். கண்ணீரால் மற்றோர் ஆறே பெருகினும் அவன் மீளான் என்கின்றாள். முடிவில் பறவைகளைப் பாடவும் மலர்களைப் பூக்கவும் வேண்டுகின்றாள். மூன்று பாடல்களுள் பாட்டென்ற அளவில் இதுவே தலையாயது. இசையிலோ இதுவே தளர்ந்தது. இரண்டு சுரக்கூட்டுகளிடையே ஊஞ்சல்போல் ஆடும் தொடக்கம் ஷோபானின் மசூர்கா ஒன்றினின்று (படைப்பெண் 17, நான்காவது) எடுத்தது. எடுத்தாளல் குற்றமன்று. ஆனால் முதற்பகுதியில் ஒவ்வொரு மீட்சியும் ஒரு புதுக்குரலைக் கொணர்ந்தது போல, ஈண்டு ஊஞ்சலின் மீட்சிகள் எதனையும் கொணர்வதில்லை. கண்ணிக்குக் கண்ணி பாட்டு நகர்கின்றது, இசை நின்ற இடத்தில் நிற்கின்றது. ருவாயான் அவையினர் கூறிய குற்றம் இப்பகுதியின் இடைப்பட்ட நிமிடங்களுக்குப் பொருந்தும் என்று நடுநிலையாளர் ஒப்பவேண்டும். அவர் வெகுண்ட இடமோ வேறு. அவர்க்குப் பொறுக்காத இறுதி ஏ மேஜர், மலர்களைப் பூக்கச் சொல்லும் கண்ணியிற் பிறப்பது. பாட்டே கேட்ட ஒளி அது. அதனைப் பொய்யான ஆறுதல் என்பார் பாட்டைப் படியாதவர்.

மூன்று பகுதியும் மந்தமாயின் இது சிம்பொனியா என்று வினவுவார்க்கு விடை நீளவேண்டா. பெயர் பற்றிய வழக்கு அது.

கோரெட்ஸ்கி இவ்வெற்றியை மறுமுறை விளைக்க முயலவில்லை. பின்னர் எழுதிய நரம்புநால்வர் இசைகள் முரட்டுத்தன்மை உடையன. அவற்றுள் மூன்றாவதனை 1995-இல் முடித்தும் பத்தாண்டு வெளிவிடாது வைத்திருந்தார். நான்காம் சிம்பொனி அவர் மறைவுக்குப்பின், மகன் மிகோவாய் நிறைவுசெய்ய, 2014-இல் லண்டனில் அரங்கேறிற்று. அதே ஆண்டு வார்சாவில், கிரிஸ்டோப் பெண்டெரெட்ஸ்கி நடத்த, மூன்றாம் சிம்பொனியை ஆங்கில மெல்லிசைப் பாடகி பெத் கிப்பன்ஸ் பாடினார்; ஒலிப்பதிவு 2019-இல் வெளிவந்தது. செவ்விசைப் பயிற்சியில்லாத, தாழ்ந்த, இடையிடையே நடுங்கும் குரல். இரண்டாம் பகுதியில் அந்நடுக்கம் சுவர்க் குறிப்பை வேண்டாமலே நெஞ்சைத் தொடுகின்றது; அப்ஷாவின் மாசற்ற குரலில் வெளிப்படாத அச்சம் ஈண்டு வெளிப்படுகின்றது. முதற்பகுதியிலோ, எட்டுக் குரல்கள் மீளப் புகும் அக்கணத்தில், அவர் குரல் உச்சியைத் தாங்க இயலாது மூழ்குகின்றது. யாப்பு வலியது, அதற்கு எதிர்நிற்கும் அளவு வலிய குரலையே அது கேட்கின்றது.